பெங்களூர்ல ஃபூட்டி ஆடி அடிபட்டா என்ன பண்ணணும், எப்ப திரும்ப இறங்கணும்

ஃபூட்டி, அதாவது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் ஆடறேன்னு நம்ம ஊர்ல சொன்னா ரக்பியான்னுதான் கேப்பாங்க, புரிய வெக்கறதுக்குள்ள விடிஞ்சிடும், அத விடுங்க. முழு மேட்ச்னா டீமுக்கு 18 பேர், பெரிய ஓவல் கிரவுண்டு, ஹெல்மெட் இல்ல பேட் இல்ல, அடுத்தவன் முதுகுல முட்டிய வெச்சு ஏறி பந்த புடிக்கலாம், அது தப்பே இல்ல. ஆஸ்திரேலியாவோட பெரிய லீக் ஏ.எஃப்.எல்ல ஆடறவங்க ஒரு மேட்ச்ல 12, 13 கிலோமீட்டர் சாதாரணமா ஓடுவாங்க, ஆனா அவங்களுக்கு க்ளப்லயே டாக்டர், ஃபிசியோ, ட்ரெய்னர்னு ஒரு பட்டாளமே நிக்கும். இங்க அல்சூர், விவேக்நகர், ஓசூர் ரோடுன்னு மூலைக்கு மூலைலேருந்து ஞாயித்துக்கிழம காலைல வந்து சேர்ற பசங்களுக்கு இருக்கறது ஒரு வோலினி ஸ்ப்ரேவும் பாதி காலியான தண்ணி பாட்டிலும்தான். அதுக்குத்தான் இது.

மொதல்ல பை. க்ரேப் பேண்டேஜ் நாலஞ்சு, கை தூக்கி கட்ட முக்கோணத் துணி, ஒட்டற டேப், கையுறை, காயம் கழுவ சலைன், ஒரு தெர்மகோல் டப்பால ஐஸ். ஐஸ் வேணும்னா ஜூஸ் கடைக்காரர்ட்ட முந்தின நாளே சொல்லி வெச்சா எடுத்து வெப்பாரு. ஸ்ப்ரே வேணும்னா வெச்சுக்கோங்க, ஆனா அத அடிச்சிட்டு திரும்ப உள்ள போறதுதான் நம்ம பசங்க பண்ற பெரிய கூத்து, அது வலிய மறைக்கும், கிழிஞ்சத ஒட்டாது.

இப்ப தலை. இதுல மட்டும் கொஞ்சம் பொறுமையா படிங்க. டாக்கிள்லயோ (ஆள புடிச்சு மடக்கறது) மார்க்குக்கு (உதைச்ச பந்த அந்தரத்துல புடிக்கறது) ஏறி விழும்போதோ தலைல அடிபட்டு ஒருத்தன் மெதுவா எந்திரிக்கறான், பேந்த பேந்த முழிக்கறான், தள்ளாடறான்னா உடனே வெளிய. மயக்கம் போட்டாத்தான் மூளை அதிர்ச்சின்னு ஒரு நெனப்பு இருக்கு, அது தப்பு, பெரும்பாலானவங்க மயங்கவே மாட்டாங்க. அவன்ட்ட இது எந்த கிரவுண்டு, எத்தனாவது குவார்ட்டர், கடைசியா கோல் போட்டது யாரு, போன மேட்ச் யாரோட ஆடினோம்னு கேளுங்க. ஒண்ணு தப்பா சொன்னாலும் அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது. எல்லாத்துக்கும் கரெக்டா பதில் சொல்லிட்டு தலை வலிக்குது, லைட் கண்ண கூசுதுன்னு சொன்னாலும் முடிஞ்சுதுதான். "ஒண்ணுமில்லண்ணா, ஆடறேன்"னு அவனே சொல்லுவான், அவன் பேச்ச கேக்கறதுக்கு இல்ல, ஏன்னா அந்த நேரத்துல முடிவு எடுக்க வேண்டிய உறுப்புதான் அடி வாங்கி இருக்கு.

கழுத்து வலிக்குது, கை கால் மரத்துப் போகுதுன்னா தூக்கி உக்கார வெக்காதீங்க, தலைய அசைக்காம புடிச்சுட்டு 108க்கு போன் பண்ணுங்க. வலிப்பு வந்தா சாவிக்கொத்த கைல திணிக்கறது, வாய்ல தண்ணி ஊத்தறது எல்லாம் வேண்டாம், சுத்தி இருக்கற சாமான நகத்திட்டு, வலிப்பு நின்னதும் மூச்சு சரியா வருதான்னு பாருங்க. திரும்ப திரும்ப வாந்தி, ஏறிட்டே போற தலைவலி, ஒண்ணு ரெண்டா தெரியறது, கொழப்பம் ஜாஸ்தியாகறது, இதுல எது இருந்தாலும் பக்கத்து க்ளினிக்ல நேரம் வேஸ்ட் பண்ணாம ஸ்கேன் வசதி உள்ள எமர்ஜென்சிக்கு போங்க, நிம்ஹான்ஸ்ல 24 மணி நேரமும் எமர்ஜென்சி இருக்கு. இது எதுவும் இல்லைன்னாலும் டாக்டர் ஒருத்தர் பாக்கணும், அன்னிக்கு அவன் வண்டி ஓட்டக் கூடாது, ரூம்ல தனியா விடக் கூடாது, தண்ணி அடிக்கக் கூடாது, டாக்டர் சொல்லாம ப்ரூஃபென் ஆஸ்பிரின் வகையறா மாத்திரையும் கூடாது, உள்ள ரத்தக்கசிவு இருந்தா அது இன்னும் மோசமாக்கும்.

அப்புறம் எப்ப திரும்ப ஆடறது? ஏ.எஃப்.எல்ல 2021லேருந்து குறைஞ்சது 12 நாள். அத பாத்துட்டு நாமளும் ரெண்டு வாரத்துல இறங்கலாம்னு கணக்கு போடாதீங்க, அவங்கள தினம் பாக்க டாக்டர் இருக்காரு. ஆஸ்திரேலியாலயே லோக்கல் லெவல் ஆட்டத்துக்கு 2024ல வந்த வழிமுறை என்னன்னா, தொந்தரவு எதுவும் இல்லாம 14 நாள் போன பிறகுதான் உடம்போட உடம்பு மோதற ட்ரெய்னிங், மேட்ச்னா அடிபட்டதுலேருந்து குறைஞ்சது 21 நாள். நமக்கு அதுதான் சட்டம். மொத ரெண்டு நாள் வீட்ல சும்மா நடமாட்டம், போன் லேப்டாப் கம்மியா, அப்புறம் நடை, லேசான ஓட்டம், பந்தோட தனியா ட்ரில், கடைசியாத்தான் டாக்கிள். நடுவுல எங்கயாவது தலைவலி ஏறுச்சுன்னா ஒரு படி எறங்கி வாங்க. மெத்துனு இருக்கற தொப்பி போட்டுக்கிட்டா போதும்னு சிலர் நெனைக்கறாங்க, அது வெட்டு காயத்த குறைக்கும், உள்ள மூளை குலுங்கறத தடுக்காது. பாலி ஃபார்மர்னு இந்த ஆட்டத்துல பெரிய ஜாம்பவான், 2019ல எறந்தாரு, அவர் மூளைய சோதிச்சு பாத்து சி.டி.இங்கற மூளை வியாதின்னு 2020ல சொன்னாங்க, ஏ.எஃப்.எல் ஆட்டக்காரர்ல அப்படி உறுதியான மொத ஆள் அவர்தான். தலைல திரும்ப திரும்ப வாங்கற அடியோட சம்பந்தப்பட்ட வியாதி அது.

அடுத்து ஹாம்ஸ்ட்ரிங், தொடைக்குப் பின்னாடி இருக்கற தசை. இந்த ஆட்டத்துல ரொம்ப நாளா ஜாஸ்தி பேர வெளிய உக்கார வெக்கறது இதுதான். ஃபுல் ஸ்பீடுல ஓடும்போதோ, ஓடிட்டே குனிஞ்சு தரைலேருந்து பந்த அள்ளும்போதோ பின்னாடிலேருந்து யாரோ கல்லால அடிச்ச மாதிரி சுரீர்ங்கும். அஞ்சு நாள் எலக்ட்ரானிக் சிட்டில சேர்ல உக்காந்துட்டு, சில்க் போர்டு ட்ராஃபிக்ல வண்டில ஒடுங்கி வந்து, ரெண்டு சுத்து ஓடிட்டு மேட்ச்ல ஸ்ப்ரிண்ட் அடிச்சா அது என்னதான் பண்ணும் பாவம்.

மொத ரெண்டு மூணு நாள் அமுக்கி கட்டு, கால தூக்கி வை, வலிச்சா துணி சுத்தி ஐஸ் பத்து பதினஞ்சு நிமிஷம். ஓய்வு ஐஸ்னு 1978ல அந்த ஃபார்முலாவ கொண்டு வந்த டாக்டர் கேப் மிர்கினே பின்னாடி ஐஸ் ஆறறத தாமதப்படுத்தலாம்னு சொல்லிட்டாரு, அதனால வலிக்கு மட்டும் வைங்க, நாள் முழுக்க வேண்டாம். சுடு ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவறது, பாட்டி கைவசம் சுளுக்கு எடுக்கறது, எதுவும் இந்த நாட்கள்ல கூடாது, ரத்தம் கட்டறது ஜாஸ்தியாகும். அதே சமயம் மாசக்கணக்கா படுத்தும் கெடக்காதீங்க, வலி விடற அளவுக்கு சீக்கிரமே அசைக்கணும்.

திரும்ப வர்ற வழி படிப்படியாத்தான். நொண்டாம நடக்கணும், அப்புறம் மெல்ல ஓட்டம், ஒத்தக் கால்ல இடுப்ப தூக்கற ப்ரிட்ஜ் ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வரணும். அதுக்கப்புறம் நூறு மீட்டர் ஓட்டம், பாதி வேகத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏத்தி முழு வேகம் வரைக்கும். இங்கதான் எல்லாரும் ஏமாறாங்க, நேரா ஓட முடிஞ்சதும் ரெடின்னு நெனைக்கறாங்க, ஆனா நம்ம ஆட்டத்துல உதைக்கணுமே, நீளமா ட்ராப் பண்ட் (கைலேருந்து பந்த கீழ விட்டு தரை தொடறதுக்குள்ள உதைக்கறது) உதைச்சு கால் மேல போகும்போது அந்த தசை முழு நீளத்துக்கும் இழுபடும். அதனால மொதல்ல கிட்டக்க உதை, அப்புறம் தூரம், அப்புறம் ஓடிட்டே குனிஞ்சு பந்து எடுத்து உதை. இதெல்லாம் சேந்து ஃபுல் ட்ரெய்னிங் ஒண்ணு ரெண்டு வலியில்லாம முடிச்சாத்தான் மேட்ச். ஆறினதுக்கு அப்புறம் வாரா வாரம் நார்டிக் பண்ணுங்க, அதாவது முட்டி போட்டு ஒருத்தன் கணுக்கால புடிச்சுக்க, நீங்க மெதுவா முன்னாடி சாயறது. ஒழுங்கா பண்ணற டீம்கள்ல இந்த அடி கிட்டத்தட்ட பாதியா கொறையுதுன்னு ஆராய்ச்சி சொல்லுது, செலவு ஒரு ரூபா கூட கிடையாது.

முட்டி. தாவி எறங்கும்போதோ கட் பண்ணி திரும்பும்போதோ யாரும் தொடாமலே "டொக்"னு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்துல வீக்கம், இதான் ஏ.சி.எல், நம்ம பாஷைல ஜவ்வு கிழிஞ்சுது. வீக்கம் வடிஞ்சதும் நடக்க முடியுது பாருங்க, அதுல ஏமாந்து ஆறு வாரத்துல ஆட வந்து மெனிஸ்கஸையும் (முட்டிக்குள்ள மெத்த மாதிரி இருக்கற குருத்தெலும்பு) சேத்து கெடுத்துக்கறவங்க இருக்காங்க. எலும்பு டாக்டர்ட்ட காட்டி எம்.ஆர்.ஐ எடுங்க, புத்தூர் கட்டு போட்டு ஜவ்வு ஒட்டாது. ஆபரேஷன்னா ஒம்பது மாசத்துக்கு முன்னாடி ஆட்டம் வேண்டாம், அதுக்கும் ரெண்டு கால் பலமும் கிட்டத்தட்ட சமமா இருந்தாத்தான். சிட்னி ஸ்வான்ஸ் அலெக்ஸ் ஜான்சன் 2012ல கப் ஜெயிச்சிட்டு, ஒரே முட்டில அஞ்சு ஏ.சி.எல் ஆபரேஷன் தாண்டி 2018ல வந்தாரு, வந்த ரெண்டாவது மேட்ச்ல இன்னொரு முட்டி போச்சு. ஊர்லயே பெஸ்ட் டாக்டருங்க பாத்த ஆளுக்கே இந்த கதி.

முட்டிய காப்பாத்த ரெண்டு விஷயம் நம்ம கைல. செம்மண் கிரவுண்டு காஞ்சு கெட்டியா இருக்கும், அதுக்கு ஷூ அடில சின்ன ரப்பர் ஸ்டட் போதும், நீள ஸ்டட் கால தரைல மாட்டி விட்டுடும். ரெண்டாவது நடு வட்டம். ரக்மேனுங்க, அதாவது நடுவுல பந்து போடும்போது அதுக்கு தாவற உயரமான ஆளுங்க, தூரத்துலேருந்து ஓடி வந்து முட்டியோட முட்டி மோதி பி.சி.எல்ங்கற முட்டியோட பின் ஜவ்வ கிழிச்சுக்கிட்டாங்கன்னுதான் 2005ல 10 மீட்டர் வட்டத்த போட்டு அந்த ஓட்டத்துக்கு தடை வெச்சாங்க. சுண்ணாம்பு பவுடர் போட்டு அந்த வட்டத்த வரையுங்க, சோம்பேறித்தனம் பாக்காதீங்க.

கணுக்கால் பெரட்டினா நாலு அடி எடுத்து வெக்க முடியுதான்னு பாருங்க. முடியல, இல்ல கணுக்கால் எலும்போட பின் ஓரத்துலயோ, பாதத்து வெளிப்பக்கம் நடுவுல துருத்திட்டு இருக்கற எலும்புலயோ, உள்பக்கம் பாதத்து மேட்டுலயோ அமுக்கினா வலிக்குதுன்னா எக்ஸ்ரே. விரல் நுனில பந்து பட்டு நுனி தொங்கிப் போச்சுன்னா இழுத்து விடாதீங்க, நேரா ஸ்ப்ளிண்ட் வெச்சு ஆறேழு வாரம் ஒரு நிமிஷம் கூட மடக்காம வெச்சா பெரும்பாலும் சரியாகும், நடுவுல ஆசைக்கு ஒரு தடவ மடக்கினா கணக்கு மொதல்லேருந்து. தோள்பட்டை நழுவினா கைய தொங்க கட்டி ஆஸ்பத்திரி, கிரவுண்டுல யாரும் டாக்டர் வேல பாக்க வேண்டாம்.

யார் எப்ப ஆடலாம்னு சொல்றவர் கேப்டனா இருக்கக் கூடாது, கேப்டனுக்கு ஞாயித்துக்கிழம ஆள் வேணும். ஆடாத ஒருத்தர், முடிஞ்சா வயசுல பெரியவர், ஒரு ஷீட்ல தேதி, எங்க அடி, எந்த படில இருக்கான்னு எழுதட்டும். அவர் வேண்டாம்னா வேண்டாம்தான்.

கடைசியா ஃபிசியோ. கம்பெனி இன்சூரன்ஸ்ல ஆபரேஷனுக்கு காசு வரும், ஃபிசியோவுக்கு பல பாலிசில வராது, முன்னாடியே படிச்சுப் பாத்துக்கோங்க. வெறும் மெஷின மாட்டி இருவது நிமிஷம் படுக்க வெச்சு அனுப்பறவர்ட்ட ரெண்டாவது வாரமும் அதுதான் நடக்குதுன்னா வேற ஆள பாருங்க, எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்து, அடுத்த தடவ வரும்போது எத்தன பண்ணீங்கன்னு கேக்கறவர்ட்ட போங்க. ஓடற, தாவற, உதைக்கற ஆட்டம்னு போன்ல ஒரு வீடியோ காட்டுங்க, இல்லைன்னா அவர் ஃபுட்பால்னு நெனச்சு கைக்கும் தோளுக்கும் ஒண்ணுமே குடுக்க மாட்டாரு.