கோடியக்கரையில் பறவை எண்ணப் போகிறீர்களா?

பூநாரைக் கூட்டத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்காதீர்கள். நூறைத் தொடுவதற்குள் பாதி இடம் மாறிவிடும். முதலில் பத்துப் பறவைகளை மட்டும் எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். ஆயிரக்கணக்கில் நின்றால் பத்துக்குப் பதில் நூறு. அளவை ஓரத்தில் எடுக்காதீர்கள். அங்கே பறவைகள் கலைந்து நிற்பதால் மொத்தக் கணக்கு குறைந்துபோகும்.

உள்ளான்கள்தான் பொறுமையைச் சோதிப்பவை. சேற்றில் சிதறி மேயும்போது அவற்றைத் துரத்திப் பயனில்லை. நீர் ஏறி மேட்டில் ஒதுங்கும் நேரத்தில் எண்ணுங்கள். முதலில் மொத்தம், பிறகுதான் எந்த இனம் எத்தனை பங்கு என்பது.

வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பேனா வேண்டாம், பென்சில் போதும். மார்கழிப் பனியில் என் குறிப்பேடு ஒருமுறை நீல மையாகவே கரைந்துவிட்டது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. பருவ மாற்றம் தெரிய அது மட்டும் போதாது. ஐப்பசி முதல் பங்குனி வரை மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் நில்லுங்கள். நீரின் ஆழத்தையும் குறியுங்கள்: மழைக்குப் பின் நீர் பெருகினால் ஊசிவால் வாத்து, வற்றிச் சேறு தெரிந்தால் உள்ளான். ஒன்றுமே இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுங்கள். சரணாலயத்துக்குள் எண்ணுவதென்றால் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.