எஸ்எஸ்எச்சை மூடினாலும் பாட்டு நிற்காமலிருக்க

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில், நம் பாட்டுகளை மற்ற கருவிகளிலிருந்து கேட்கவைக்கும் நாவிட்ரோம் சர்வரைப் போட்டாயிற்று, டெர்மினலில் ஓடவிட்டால் 4533 போர்ட்டில் அருமையாகப் பாடுகிறது, ஆனால் லேப்டாப்பை மூடி, பைக்குள் நுழைந்த எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்ததும் அதுவும் சேர்ந்து படுத்துவிடுகிறதா? இணைப்பு அறுந்தாலும் புரோகிராமை ஓடவிடும் நோஹப், ஸ்க்ரீன் என்று ஒப்பேற்றலாம்தான், கரண்ட் போய் வந்தால் மறுபடி நீங்களே போய் எழுப்ப வேண்டும். பேசாமல், லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியிடம் விட்டுவிடுங்கள். பையின் ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியனில், 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதல் அது கூடவே வருகிறது.

முதலில் தனியாக ஒரு யூசர். பாட்டுப் போட எல்லா அதிகாரமும் உள்ள ரூட் எதற்கு? பாட்டு ஃபோல்டரைப் படிக்கவும் டேட்டா ஃபோல்டரில் எழுதவும் அந்த யூசருக்கு அனுமதி இருந்தால் போதும்.

அப்புறம் எட்சி ஃபோல்டருக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற ஃபோல்டரில் நாவிட்ரோம்.சர்வீஸ் என்று ஒரு ஃபைல். யூனிட், சர்வீஸ், இன்ஸ்டால் என மூன்று பகுதி. சர்வீஸில் யூசர் பெயரும், நாவிட்ரோமை ஓடவைக்கும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியும் வரும். அதில் பாதையை ஸ்லாஷிலிருந்து முழுசாக எழுதுங்கள், டில்டா போட்டால் ஷெல் மாதிரி விரித்துக்கொள்ளாது. ரீஸ்டார்ட்டுக்கு ஆன்-ஃபெயிலியர், ரீஸ்டார்ட்செக் 5, அதாவது விழுந்தால் 5 நொடி பொறுத்து எழுப்பும். இந்த 5-ஐ விட்டுவிடாதீர்கள்: சும்மா விட்டால் 100 மில்லிசெகண்டில் திரும்பத் திரும்ப எழுப்பிப் பார்க்கும், 10 நொடிக்குள் ஐந்து முறை ஆனதும் கைவிட்டுவிடும். இன்ஸ்டாலில் வாண்டட்பை, மல்ட்டி-யூசர்.டார்கெட், அவ்வளவுதான்.

பாட்டெல்லாம் யூஎஸ்பி டிஸ்க்கில் இருந்தால்தான் வினையே. பை எழுந்ததும் டிஸ்க் மவுண்ட் ஆவதற்குள், அதாவது அதற்கான ஃபோல்டரோடு இணைவதற்குள், நாவிட்ரோம் முந்திக்கொண்டால், அதன் கண்ணுக்குத் தெரிவது வெறும் ஃபோல்டர். இது புரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பெர்மிஷனை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப்பில் டிஸ்க்கைச் சேர்த்துவிட்டு, யூனிட் பகுதியில் ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்று போட்டு பாட்டு ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். டிஸ்க் மவுண்ட் ஆகாமல் சர்வீஸ் கிளம்பாது.

சரி, இனி சிஸ்டம்டிக்குக் கட்டளையிடும் சிஸ்டம்சிடிஎல்லில், ஃபைலைப் புதிதாகப் படிக்க டீமன்-ரீலோட், பிறகு பை எழும்போதெல்லாம் கிளம்ப எனேபிள், இப்போதே கிளம்பக் கூடவே இரண்டு ஹைஃபனோடு நவ். ஃபைலில் பின்னால் ஒரு எழுத்தை மாற்றினாலும் டீமன்-ரீலோடும் ரீஸ்டார்ட்டும் வேண்டும், இதை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கிளம்பவில்லையா, ஸ்டேட்டஸைப் பாருங்கள்; அது போதாவிட்டால் லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் ஹைஃபன் யூ போட்டு சர்வீஸ் பெயரைக் கொடுங்கள், என்ன கோளாறு என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

கடைசியாகப் பையை ஒரு தடவை ரீபூட் செய்துவிட்டு, லேப்டாப்பைத் தொடாமல், போனிலிருந்து ஒரு பாட்டுப் போட்டுப் பாருங்கள்.