முதல் பூனை: வருவதற்கு முன்பும் வந்த பிறகும்

என் முதல் பூனை வீட்டுக்கு வந்து மூன்று நாள் வரை எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு கண்கள் மட்டும்தான். கூடையைத் திறந்த மறுநொடி ஒரே ஓட்டமாக ஓடி பீரோவுக்குப் பின்னால் புகுந்துகொண்டது. நான் தரையில் படுத்து டார்ச் அடித்தேன், கெஞ்சினேன், கொஞ்சினேன். கடைசியில் கையை விட்டு இழுத்தும் பார்த்தேன். மிச்சம், முழங்கை வரை நாலு கீறல். குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது நான்தான்.

பூனை ஒன்றும் தப்பு செய்யவில்லை. அதற்கு வேண்டியதை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் செய்யத் தவறியதை எல்லாம் சேர்த்து, செய்ய வேண்டிய வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: குட்டியா, வளர்ந்ததா?

முதலில் ஒவ்வாமையைப் பார்த்துவிடுங்கள். பூனை ஒவ்வாமைக்கு முடிதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் காரணமாவது ஃபெல் டி 1 என்ற புரதம். அது பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கிறது. பூனை உடம்பை நக்கும்போது முடியில் ஒட்டி, காய்ந்து, காற்றில் பறக்கிறது. அதனால் முடி குறைந்த இனமாகப் பார்த்து வாங்கினால் தப்பிக்கலாம் என்று நம்பிவிடாதீர்கள். பூனை வளர்க்கும் நண்பர் வீட்டில் வீட்டார் எல்லோரும் இரண்டு மூன்று முறை போய் உட்கார்ந்து பாருங்கள். யாருக்காவது தும்மலோ கண் அரிப்போ வருகிறதா என்று தெரிந்துவிடும்.

குட்டி என்றால் குறைந்தது 8 வாரம் தாயிடம் இருந்திருக்க வேண்டும். 12 வாரம் என்றால் இன்னும் நல்லது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது கூடப்பிறந்தவற்றோடு கட்டிப் புரளும்போதுதான். சீக்கிரமே பிரித்து எடுத்து வந்தால் அந்தப் பாடத்தை உங்கள் விரலில் படிக்கும்.

பகல் முழுக்க வீட்டில் ஆளில்லை என்றால், வளர்ந்த பூனையே மேல் என்பது என் கருத்து. அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், திரைச்சீலையில் ஏறித் தொங்கும் வயதும் தாண்டியிருக்கும். எதுவானாலும் 15 வருஷக் கணக்கு இது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் சில பூனைகள் 20 வயதையும் தொடுகின்றன.

படி 2: முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

முதலில் ஒரு கேரியர், அதாவது பூனையை வைத்துத் தூக்கிப்போகும் பெட்டி. மேல்பக்கம் திறக்கும் வகையாக இருந்தால், மருத்துவரிடம் போகும்போது பூனையை இழுத்துப் பிடுங்க வேண்டிய அவசியம் இருக்காது. பூனை வந்த பிறகு அதைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள். உள்ளே ஒரு துணி விரித்து, கதவைத் திறந்து, அறை மூலையிலேயே கிடக்கட்டும். பயண நாளில் மட்டும் கண்ணில் படும் பெட்டி என்றால் பூனைக்கு அது பொறிதான்.

அடுத்து லிட்டர் ட்ரே, அதாவது பூனை மலம், சிறுநீர் கழிக்க மணல் நிரப்பி வைக்கும் தட்டு. கடையில் அழகாக இருக்கும் சின்ன ட்ரேயை விடுங்கள். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளம் எவ்வளவோ, அதில் ஒன்றரை மடங்கு நீளம் ட்ரேக்கு வேண்டும். மணல் 5 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். மிகச் சின்னக் குட்டிகள் மணலைத் தின்று பார்க்கும் என்பதால், ஈரம் பட்டதும் கட்டியாகும் மணலைக் கொஞ்சம் வளர்ந்த பிறகு கொடுக்கலாம்.

இங்கே நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும். மூடி போட்ட ட்ரேயும் பூ வாசனை மணலும் வாங்கினேன். பூனை உள்ளே தலையை நீட்டியது, மூக்கைச் சுளித்தது, நேராகப் போய் என் போர்வையில் வேலையை முடித்தது. நமக்கு லேசாகத் தெரியும் வாசனை பூனை மூக்குக்கு நெடி. மூடிக்குள் அந்த நெடி இன்னும் ஏறும். திறந்த ட்ரே, வாசனையில்லாத பொடி மணல் இரண்டையும் மாற்றிய அன்றே பிரச்சினை தீர்ந்தது. போர்வையைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

நகம் கீறும் கம்பம் உயரமாக இருக்க வேண்டும். பூனை பின்னங்கால் ஊன்றி முழு உடம்பையும் நீட்டிக் கீறும் அளவுக்கு, 80–90 சென்டிமீட்டர். ஆடக் கூடாது. ஒருமுறை சாய்ந்துவிட்டால் அதன் பக்கம் திரும்பாது, அப்புறம் சோபாதான்.

மெத்தை வேண்டாம். அதற்குப் பதில் வீட்டில் கிடக்கும் அட்டைப்பெட்டியை வையுங்கள். 2014இல் நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்தில் செய்த ஆய்வு வெளியானது. புதிதாக வந்த பூனைகளில் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவற்றின் பதற்றம், கிடைக்காதவற்றைவிடச் சீக்கிரம் தணிந்திருக்கிறது. செலவே இல்லாத மருந்து.

சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் அகலமான கிண்ணங்கள், கோலில் தொங்கும் ஒரு விளையாட்டுப் பொருள். இவ்வளவு போதும்.

படி 3: தரையில் தவழ்ந்து ஒரு சுற்று

உண்மையிலேயே முட்டி போட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். உங்கள் உயரத்திலிருந்து தெரியாதது நிறைய இருக்கும்.

முதல் எதிரி நூல். பூனையின் நாக்கில் பின்னோக்கிய சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன. நூல் ஒருமுறை அதில் சிக்கினால் துப்ப வராது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலில் இறங்கினால், குடல் சுருங்கி மடிந்து அறுபடும் வரை போகும். தையல் நூல், ரிப்பன், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடுங்கள். பூனையின் வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

லில்லிப் பூ உள்ள பூங்கொத்தும் தொட்டியும் வீட்டுக்குள் வரவே கூடாது. இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனைக்கு நஞ்சு. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகி உயிர் போகலாம்.

மாத்திரைகளில் பாராசிட்டமாலை மறக்காதீர்கள். நம் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனைக்குச் சரியாக வேலை செய்யாது. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லலாம். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாதி மாத்திரை கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவையும் அப்படித்தான். நாய்க்கு மருந்து, பூனைக்கு விஷம். வெங்காயம், பூண்டு, சாக்லேட் ஆகியவையும் எட்டாத இடத்துக்குப் போகட்டும்.

ஜன்னலுக்கும் பால்கனிக்கும் உறுதியான வலை அடியுங்கள். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்பது பாதி உண்மைதான். திரும்பி விழும், ஆனால் தாடையும் காலும் முறியும். துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடுமுன் உள்ளே ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

படி 4: முதல் வாரம், ஒரே ஒரு அறை

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். பூனைக்கும் அதேதான். முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிட்டது நான் செய்த பெரிய தப்பு.

சத்தமில்லாத ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மூலையில் ட்ரே, எதிர் மூலையில் சாப்பாடு, அதற்குக் கொஞ்சம் தள்ளித் தண்ணீர், நடுவில் எங்காவது அட்டைப்பெட்டி. நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய சட்டை ஒன்றையும் பெட்டிக்குள் போடுங்கள், உங்கள் வாசனை பழகட்டும். கேரியரைத் திறந்துவிட்டு, பூனையைத் தொடாமல், தரையில் உட்கார்ந்து புத்தகம் படியுங்கள். நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காதீர்கள்.

கண் சந்தித்துவிட்டால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மெல்லக் கண் சிமிட்டியவர்களுக்குப் பூனைகளும் அதிகமாகச் சிமிட்டின. அப்படிச் சிமிட்டிய புதியவரின் கையை நோக்கி வரவும் செய்தன. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்டவர்கள், நாம் கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை போலும்.

கிட்ட வந்தால் ஒரு விரலை அதன் மூக்கு உயரத்தில் நீட்டுங்கள். மோந்து பார்த்துக் கன்னத்தை உரசினால் அனுமதி கிடைத்துவிட்டது. தாடையடி, கன்னம், காதடி ஆகிய இடங்களில் தடவலாம். வயிறு வேண்டாம். மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளம், தொடச் சொல்லும் அழைப்பு இல்லை. வால் நுனி துடிக்கத் தொடங்கினாலோ காது பின்னால் மடங்கினாலோ கையை எடுத்துவிடுங்கள்.

என் பூனை நாலாம் நாள் இரவு வெளியே வந்தது. நான் அலுத்துப்போய், அதைக் கவனிக்காமல் தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன் (ஆமாம், நூல்தான், அப்போது எனக்குத் தெரியாது). கால் கட்டை விரலில் ஏதோ ஈரமாகப் பட்டது. அதன் மூக்கு. ஒருமுறை மோந்தது, தாண்டிப் போனது, கிண்ணத்தில் இருந்ததை மொறுமொறுவென்று சாப்பிட்டது.

சில பூனைகளுக்கு இதற்கு இரண்டு நாள் போதும், சிலவற்றுக்கு இரண்டு வாரம் ஆகும். ஒளிந்தபடியே இரவில் சாப்பிட்டு ட்ரேயைப் பயன்படுத்தினால் கவலையில்லை. முழுதாக ஒரு நாள் எதுவுமே சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் குண்டான பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

வீட்டில் ஏற்கெனவே பூனையோ நாயோ இருந்தால், முதலில் கதவுக்கு இருபுறமும் துணியை மாற்றி மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்குங்கள். பார்வை அப்புறம்தான்.

படி 5: சாப்பாடு

முதல் சில நாள், முன்பு இருந்த இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே கொடுங்கள். மாற்றுவதானால் 7 முதல் 10 நாளில், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

பூனை கட்டாய மாமிச உண்ணி. டாரின் என்ற சத்தைத் தனக்குத் தேவையான அளவுக்கு அதனால் உற்பத்தி செய்துகொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயத் தசை வீங்கித் தளரும். இந்த இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல்தான் தெரியவந்தது. அதனால் நாய்த் தீவனமும் சரிப்படாது, சைவச் சாப்பாடும் சரிப்படாது. ‘முழுமையான, சமச்சீர் உணவு’ என்று போட்டிருக்கும் பூனை உணவே தொடக்கக்காரர்களுக்குப் பாதுகாப்பான வழி. குட்டிக்குக் குட்டிக்கான உணவு, ஆறு மாதம் வரை நாளுக்கு மூன்று நான்கு வேளை. வளர்ந்ததற்கு இரண்டு வேளை, அளந்து.

பால்? வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் வரும். தண்ணீர் வையுங்கள். பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை என்பதால் அதற்குத் தாகம் குறைவு. ஈர உணவும் சேர்த்துக் கொடுத்தால் சிறுநீர்ப் பைக்கு நல்லது.

படி 6: லிட்டர் பராமரிப்பு

பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவது ட்ரேக்களின் எண்ணிக்கை. ஒரு பூனைக்கு இரண்டு. தினமும் அள்ளுங்கள். மனிதருக்கும் தொற்றி, வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தோடு வெளியேறினாலும், தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாகும் என்பதால், தினமும் அள்ளுவதே பெரிய பாதுகாப்பு. கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடட்டும்.

ட்ரேக்கு வெளியே போனால் திட்டாதீர்கள், மூக்கைப் பிடித்து அதில் தேய்க்காதீர்கள். அது பழிவாங்கல் இல்லை. ட்ரே அழுக்காக இருக்கும், இடம் பிடிக்காமல் இருக்கும், அல்லது உடம்புக்கு ஏதோ இருக்கும்.

படி 7: மருத்துவர்

முதல் வாரத்திலேயே ஒரு பரிசோதனை. குட்டிகளுக்கு 6–8 வார வயதில் தடுப்பூசி தொடங்கி, 3–4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும் வரையாவது தொடரும். அதோடு வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து. கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். நாலு மாதத்திலேயே பெண் பூனை சினையாகலாம், இரண்டு மாதத்தில் குட்டிகளும் வந்துவிடும்.

உடனே ஓட வேண்டிய நிலைமை ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆண் பூனை திரும்பத் திரும்ப ட்ரேக்குப் போய் முக்குகிறது, கத்துகிறது, சிறுநீர் வரவில்லை. இது மலச்சிக்கல் என்று நினைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் அவசரம்தான். அப்புறம், குர்குர் என்று ஓசை எழுப்பினால் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வலியிலும் பூனை அப்படிச் செய்யும்.

படி 8: விளையாட்டும் இரவும்

கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். இன்று செல்லமாகக் கடிக்கும் குட்டி, ஆறு மாதத்தில் 4 கிலோ எடையோடு அதே விளையாட்டை ஆட வரும். கோலில் இறகைக் கட்டி, இரை ஓடுவது மாதிரி ஒளித்து ஒளித்துக் காட்டுங்கள். கடைசியில் பிடிக்கவும் விடுங்கள். விளையாடி முடிந்ததும் அந்தக் கோலையும் கயிற்றையும் அலமாரியில் பூட்டிவிடுங்கள்.

நகம் வெட்டுவதானால் நுனியை மட்டும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தமும் நரம்பும் உள்ள இடம். ஒரே நாளில் எல்லாக் காலையும் முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தூக்கத்தில் இருக்கும்போது இரண்டு நகம், நாளைக்கு இரண்டு.

பூனை அந்தியிலும் விடியலிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அதனால் படுக்கப் போகும் முன் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு, உடனே கடைசி வேளைச் சாப்பாட்டைப் போடுங்கள். வேட்டையாடித் தின்றால் நக்கிச் சுத்தம் செய்துவிட்டுத் தூங்கிவிடும். அப்படியும் விடிகாலை 4 மணிக்கு உங்கள் மார்பில் ஏறி உட்கார்ந்து மூக்கைத் தட்டினால், எழுந்து சாப்பாடு மட்டும் போட்டுவிடாதீர்கள். மறுநாள் மூன்றே முக்காலுக்குத் தட்டும்.