சனிக்கிழமை சாயங்காலம் ஒரு போன்

ஞாயிறு ஆராதனைக்குச் சந்தோஷமாகப் போக எனக்கு உதவுகிற சின்னப் பழக்கம் இது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது மத்தேயு 5:23, 24-ல் இருக்கிறது, ஆனால் அதில் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒன்று உண்டு: உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை, அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். அதாவது முதலில் கிளம்ப வேண்டியது நாம்தான். (கஷ்டம்தான், எனக்கும்.)

அதனால் சனிக்கிழமை சாயங்காலம் யார் மனசு நோகும்படி நடந்தோம் என்று ஐந்து நிமிஷம் யோசித்து, ஒரே ஒருவருக்குப் போன் போடுங்கள். மெசேஜ் வேண்டாம், குரல் போகட்டும். காரணம் அடுக்காதீர்கள்.

இங்கே ரங்கூனில் கரண்ட் போகிற ராத்திரிகளுக்காகப் பெரியம்மாவிடம் வாங்கின சார்ஜ் விளக்கை மாசக்கணக்கில் நானே வைத்திருந்தேன். "என் தப்பு பெரியம்மா, இப்போதே கொண்டு வருகிறேன்" என்றேன். சரி, வரும்போது மொஹிங்கா (இங்கத்து மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்கி வா என்றார்.