மொத்தமே 114 விமானங்கள்: வேர்ல்விண்டைத் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

இரண்டாம் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயர் பற்றி எழுத உட்கார்ந்தால் எதை விடுவது என்பதுதான் பிரச்சினை. இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். வெஸ்ட்லேண்ட் வேர்ல்விண்ட் அப்படியில்லை. அதே போருக்காக இங்கிலாந்தின் யோவில் நகரில் தயாரான இரட்டை என்ஜின் சண்டை விமானம் அது. மூக்கில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், இறக்கைகளில் இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் பெரக்ரின் என்ஜின்கள். முதலில் பறந்தது 1938 அக்டோபர் 11. இரண்டு முன்மாதிரிகளைச் சேர்க்காமல் செய்தது 114 மட்டுமே. 263, 137 என்ற எண்கள் கொண்ட இரண்டு ஸ்குவாட்ரன்கள் (விமானப்படைப் பிரிவுகள்)தான் இதை வைத்துச் சண்டை போட்டன. இன்று முழு விமானம் ஒன்றுகூட எங்கும் மிஞ்சவில்லை. படங்களும் காகிதங்களும்தான் மிச்சம்.

எண்ணிக்கை குறைவு, அந்தப் படங்களையும் காகிதங்களையும் வைத்து ஒவ்வொரு விமானத்தின் கதையையும் ஆறு மாதத்தில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதல் சறுக்கல் பெயரிலேயே இருக்கிறது. வேர்ல்விண்ட் என்று தேடினால் வந்து குவிவது ஹெலிகாப்டர் படங்கள். அதே வெஸ்ட்லேண்ட் நிறுவனம் 1950களில் ஒரு ஹெலிகாப்டருக்கும் இதே பெயரை வைத்துவிட்டது. போதாததற்கு, அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தில் இருந்த ரைட் என்ஜினுக்கும் வேர்ல்விண்ட் என்றே பெயர். "அருங்காட்சியகத்தில் ஒரு வேர்ல்விண்ட் பார்த்தேன்" என்று யாராவது சொன்னால், அவர் பார்த்தது ஹெலிகாப்டராகத்தான் இருக்கும். லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலிலும் விமானத்தின் பெயரைப் போட்டால் பெரிதாக ஒன்றும் சிக்காது. அங்கே ஸ்குவாட்ரன் பதிவேடுகள் 'ஏர் 27' என்ற வரிசையில் ஸ்குவாட்ரன் எண்படியும் தேதிப்படியும்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெயரை மறந்துவிட்டு ஸ்குவாட்ரன் எண், மாதம், விமானத்தின் சீரியல் எண் என்று தேடப் பழக வேண்டும்.

சீரியல் எண் என்றதும் அடுத்த குழி. இந்த விமானங்களின் எண்கள் பி 6966-இல் தொடங்கி பி 7122-இல் முடிகின்றன. கழித்துக் கூட்டினால் 157 வருகிறது. அப்படியானால் 43 விமானங்கள் மறைக்கப்பட்டன என்று கதை கட்டக் கிளம்பிவிட வேண்டாம். எத்தனை விமானம் தயாராகிறது என்பதை எதிரி கணக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, பிரிட்டிஷ் விமானத்துறை நடுநடுவே எண்களை வேண்டுமென்றே விட்டுவிடும். 6966 முதல் 7015 வரை 50, 7035 முதல் 7064 வரை 30, 7089 முதல் 7122 வரை 34. ஆக 114. இடையில் உள்ள எண்ணோடு ஒரு படம் 'கிடைத்தால்' யாரோ எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மங்கலான படத்தில் 3, 8, 6 எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

எனக்கு அதிக நாள் வீணானது எழுத்துகளால். விமானத்தின் பக்கவாட்டில் பெரிதாக மூன்று எழுத்துகள் இருக்கும். பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டச் சின்னத்துக்கு ஒரு பக்கம் உள்ள இரண்டும் ஸ்குவாட்ரனைக் குறிக்கும்: 263-க்கு எச்இ, 137-க்கு எஸ்எஃப். மறுபக்கம் தனியாக நிற்கும் எழுத்து அந்த விமானத்துக்கு உரியது. பலர் அதை விமானத்தின் நிரந்தரப் பெயராகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது பள்ளிக்கூடத்து ரோல் நம்பர் மாதிரி. ஒருவர் போனால் அடுத்தவருக்கு வந்துவிடும்.

உதாரணத்துக்கு எச்இ-வி. அந்த எழுத்துகளோடு நிறையப் பேர் பார்த்திருக்கும் படங்களில் இருப்பது பி 6969. 1941 பிப்ரவரி 8 அன்று பைலட் ஆஃபீசர் கிரஹாம் இந்த விமானத்தில் சென்று ஜெர்மனியின் அராடோ 196 கடல் விமானம் ஒன்றை வீழ்த்தினார். வேர்ல்விண்டுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அவரும் விமானமும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எடுத்த படத்தில் 'வி' இருந்தால் அது வேறு விமானம். என் கோப்பில் அப்படி ஒரு படம் இரண்டு வருடம் பி 6969 என்ற பெயரிலேயே கிடந்தது. படக்குறிப்பை நம்பிவிட்டேன், சின்னத்தைப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. 1942 மே மாதம் முதல் பிரிட்டிஷ் வட்டச் சின்னம் மாறியது. பழையதில் வெளியே தடித்த மஞ்சள் வளையமும் உள்ளே அகலமான வெள்ளையும் இருக்கும். புதியதில் இரண்டுமே ஒல்லி. என் படத்தில் இருந்தது ஒல்லி வளையம். 1941 பிப்ரவரியில் கடலில் விழுந்த விமானத்தில் அது எப்படி வரும்? இன்னும் சில அடையாளங்களும் உதவும். வால் பக்கத்தில் வெளிறிய பட்டை 1940 நவம்பர் கடைசியில் வந்தது. பழுப்பு–பச்சைப் பூச்சு 1941 ஆகஸ்ட் முதல் சாம்பல்–பச்சையானது. இறக்கைக்கு அடியில் குண்டு மாட்டும் கொக்கி தெரிந்தால் 1942-இன் பிற்பகுதி அல்லது அதற்குப் பிறகு. ஆனால் கவனம், அந்தக் காலத்து ஃபிலிம் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமில் சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும், நீலம் வெளுத்துவிடும். மஞ்சள் வளையமே இல்லை என்று சொல்வதற்கு முன் அது கறுப்பாக ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதனால்தான் இப்போது சுற்றும் வண்ணமேற்றிய படங்களை நான் ஆதாரமாகவே எடுப்பதில்லை. மென்பொருளுக்கு 1941-உம் 1943-உம் ஒன்றுதான். பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். ஸ்குவாட்ரன் பதிவேட்டில் இரண்டு படிவங்கள் உண்டு. படிவம் 540 நாட்குறிப்பு மாதிரி: வானிலை, விருந்தாளி, யார் விடுப்பில் போனார்கள், எங்கே தாக்குதல். படிவம் 541-இல்தான் எந்த விமானி எந்த விமானத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கினார் என்பது இருக்கும். 540-ஐ மட்டும் படித்துவிட்டு வரலாறு எழுதுவது கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து மொய்க் கணக்கு எழுதுவது மாதிரி. 541-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தட்டச்சு செய்தவர் களைத்துப்போன ஒரு கிளார்க். முந்தின வாரம் நொறுங்கிய விமானம் இந்த வாரம் மறுபடி பறந்ததாக ஒரு வரி வரும். உடனே 'அப்படியானால் நொறுங்கவில்லை' என்று முடிவு கட்டாமல், விபத்து அட்டையையும் விமான நடமாட்ட அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விபத்துக்குப் படிவம் 1180, நடமாட்டத்துக்குப் படிவம் 78.

இந்த 78-ஆம் படிவத்தில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். அதில் கடைசியாக 'எஸ்ஓசி' என்ற மூன்று எழுத்தும் ஒரு தேதியும் இருக்கும். விமானத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம் என்று பொருள். அந்தத் தேதியை விபத்துத் தேதியாக எழுதிவிடுகிறார்கள். தரையில் மோதிய விமானம் பழுது பார்க்கும் இடத்துக்குப் போய், அங்கே ஆய்வு நடந்து, தேறாது என்று முடிவாகி, அப்புறம்தான் கணக்கை முடிப்பார்கள். வாரங்கள் ஓடிவிடும், சில சமயம் மாதங்கள். அட்டையில் ஒரு ஸ்குவாட்ரனுக்கு வந்த தேதி என்று இருப்பதும் காகிதம் நகர்ந்த தேதிதான். விமானம் இறங்கிய நாள் ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கலாம். 1943 ஜூனில் 137 ஸ்குவாட்ரன் ஹரிகேன் என்ற வேறு சண்டை விமானத்துக்கு மாறியபோது அதன் விமானங்கள் சில 263-க்குப் போயின. எஸ்எஃப் எழுத்தோடு ஒரு படமும் எச்இ எழுத்தோடு ஒரு படமும் ஒரே விமானத்தினுடையதாக இருக்கலாம். இரண்டு விமானம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு தரப்பு சொல்வதை மட்டும் கேட்பதும் தவறுதான். 1942 பிப்ரவரி 12 அன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஆங்கிலக் கால்வாய் வழியாகத் தப்பியபோது, எதிரே இருப்பது என்ன என்று தெரியாமலே போன 137 ஸ்குவாட்ரன் நான்கு வேர்ல்விண்டுகளை இழந்தது. இப்படிப்பட்ட சண்டைகளுக்கு இரு தரப்புப் பதிவுகளையும் ஒப்பிட வேண்டும்; வீழ்த்தியவர்கள் கோரிய எண்ணிக்கையைவிட, இழந்தவர்கள் எழுதிவைத்த எண்ணிக்கையே பெரும்பாலும் நம்பகமானது.

தனியார் ஆல்பங்களில் இருந்து வரும் படங்களைப் பற்றி ஒன்று. ஏலத்தில் ஆல்பத்தைப் பிரித்து ஒவ்வொரு படமாக விற்கிறார்கள். வாங்குகிறவர் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து போடுகிறார். பென்சிலில் எழுதிய ஊர், தேதி, தணிக்கையாளர் முத்திரை எல்லாம் பின்பக்கத்தில் இருக்கின்றன. அடுத்த பக்கத்தில் இருந்த படம் எது என்பதே சில நேரம் பெரிய துப்பு. கேட்கும்போது முதலில் பின்பக்கத்தைக் கேளுங்கள். விமானியின் குடும்பத்தினரிடம் கேட்பதானால் அசலை அனுப்பச் சொல்லாதீர்கள். அவர்கள் வீட்டில் வைத்தே படம் எடுத்துத் தந்தால் போதும்.

கடைசியாக பி 7048. போர் முடிந்தபின் வெஸ்ட்லேண்ட் நிறுவனமே இதை வைத்துக்கொண்டு, ஜி-ஏஜிஓஐ என்ற சிவிலியன் பதிவில் சில காலம் ஓட்டியது. பிறகு அதையும் உடைத்துவிட்டார்கள். பெட்டிகளில் இதன் படங்கள் போர் விமானங்கள் என்ற தலைப்பின் கீழ் இருக்காது. சிவிலியன் விமானங்கள், ஜி வரிசை என்று தனியாகக் கிடக்கும். ராணுவ எண்ணை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு தேடினால் அந்தப் பெட்டியைத் திறக்கவே தோன்றாது.