ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி

3 வயது மகளுக்குப் 10 நாளாகச் சளி. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நன்றாகச் சாப்பிட்டாள். முதலில் கற்பூரவல்லிச் சாறு, அப்புறம் உப்புநீர்ச் சொட்டு, பிறகு மருத்துவர் தந்த சிரப் 5 நாள். எதற்கும் கேட்கவில்லை. மஞ்சளாக, நாற்றத்தோடு ஒழுகியது.

ஓர் இரவு அவள் தூங்கும்போது துடைத்துவிட்டேன். இடது துளை காய்ந்தே இருந்தது. வலதில் மட்டும்தான் சளி. சாதாரணச் சளி என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒழுகும். இதைச் சொன்னதுமே மருத்துவர் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பினார். அவர் நெற்றி விளக்கில் பார்த்து, வளைந்த கொக்கியால் ஒரே இழுப்பில் எடுத்தார்: தலையணையிலிருந்து பிய்த்த, பட்டாணி அளவு ஸ்பாஞ்சு. இரண்டே நாளில் மூக்கு சரியானது. அப்பாடா என்றிருந்தது.

வீட்டில் நாமே இடுக்கி போட்டால் இன்னும் உள்ளே போய்விடுமாம். அதுவே பட்டன் பேட்டரி என்றால் உடனே ஓட வேண்டும்; சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும் என்றார்.