ஒரு பந்து, ஒரு பட்டன்: அனிமேஷன் மென்பொருளின் அடிப்படையைப் பிடிக்கும் வழி

அனிமேஷன் மென்பொருளைப் புதிதாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் கருவிப் பட்டையில் மாட்டிக்கொள்கிறார்கள். பிரஷ், பென், எலும்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து நாட்கள் ஓடிவிடும், திரையில் ஒன்றும் அசைந்திருக்காது. முதலில் பிடிபட வேண்டியவை மூன்றே: கீஃபிரேம் (மாற்றத்தை நாமே குறிக்கும் ஃபிரேம்; ஃபிரேம் என்றால் ஒரு தனிப் படம்), சிம்பல் (சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்தும் உருவம்), டைம்லைனை (ஃபிரேம்கள் வரிசையாக நிற்கும் பட்டை) நிறுத்தும் கட்டளை. துள்ளும் பந்து ஒன்றையும், அதைத் தொடங்கி வைக்கும் பட்டன் ஒன்றையும் முழுதாகச் செய்து முடித்தால் மூன்றும் கைக்கு வந்துவிடும்.

இங்கே சொல்லும் மெனுக்களும் குறுக்கு விசைகளும் அடோபி அனிமேட்டுக்கானவை. பழைய ஃபிளாஷ் மென்பொருள்தான் 2016-இல் இந்தப் பெயருக்கு மாறியது. சந்தா கட்ட வேண்டாம் என்றால் ஓப்பன்டூன்ஸ், சின்ஃபிக், பென்சில்2டி, கிரிட்டா, பிளெண்டர் ஆகியவை இலவசம். பந்துப் பயிற்சியை இவற்றிலும் செய்யலாம். பட்டனும் கட்டளையும் அனிமேட் போன்ற பல்லூடக மென்பொருளுக்கே உரியவை.

கோப்பைத் திறக்கும்போதே முடிவு செய்ய வேண்டியவை

புதிய கோப்பில் எச்டிஎம்எல்5 கேன்வாஸ் வகையைத் (உலாவியில் நேரடியாக ஓடுவது) தேர்ந்தெடுங்கள். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற வகையும் பட்டியலில் இருக்கும்; பழைய பாடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆனால் உலாவியில் அதை ஓட்டிய ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. இணையத்தில் ஓட வேண்டியதை அந்த வகையில் செய்தால் உழைப்பு வீண்.

அளவு 1280 x 720, ஃபிரேம் வேகம் நொடிக்கு 24. இந்த 24-ஐ வேலையின் நடுவில் மாற்றாதீர்கள். 48 ஃபிரேம் உள்ள காட்சி 24-இல் 2 நொடி ஓடும். 30-க்கு மாற்றினால் 1.6 நொடியில் முடிந்துவிடும். ஒலியின் நீளமோ மாறாது. வாயசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று போய்விடும்.

டைம்லைனைப் படிப்பது

கறுப்புப் புள்ளி என்றால் அது கீஃபிரேம், அதில் ஏதோ இருக்கிறது. வெற்று வட்டம் என்றால் காலி கீஃபிரேம். புள்ளிக்குப் பின்னால் நீளும் சாம்பல் கட்டங்கள் வெறும் நீட்டிப்பு; முந்தைய கீஃபிரேமில் இருப்பதையே அவை காட்டிக்கொண்டிருக்கும்.

எஃப்5 விசை அந்த நீட்டிப்பைக் கூட்டும். எஃப்6 முந்தைய கீஃபிரேமின் நகலோடு புதிய கீஃபிரேம் வைக்கும். எஃப்7 காலி கீஃபிரேம் வைக்கும். மடிக்கணினியில் இவை ஒலியளவையும் வெளிச்சத்தையும் மாற்றினால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள்.

தொடக்கத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான். இரண்டாவது ஃபிரேமில் பின்னணி காணாமல் போகிறதா? பின்னணி லேயரில் (லேயர் என்றால் படத்தின் ஓர் அடுக்கு) ஒரே ஒரு ஃபிரேம்தான் இருக்கிறது. 24-ஆம் கட்டத்தைச் சொடுக்கி எஃப்5 அழுத்துங்கள். 10-ஆம் ஃபிரேமில் வரைந்தது 1-இலும் தெரிகிறதா? 10-இல் கீஃபிரேம் இல்லை, நீட்டிப்பின் மேல் வரைந்திருக்கிறீர்கள். அது 1-ஆம் கீஃபிரேமுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இடத்தையோ உருவத்தையோ மாற்றும் முன் அந்தக் கட்டத்தில் எஃப்6 அழுத்தும் பழக்கம் விரலுக்கு வர வேண்டும். சின்ஃபிக்கில் இதற்கு நேர்மாறான சிக்கல்: அனிமேஷன் திருத்த நிலையை அணைக்க மறந்தால், வேண்டாத இடங்களில் எல்லாம் கீஃபிரேம் தானாக விழும்.

பந்து

கன்ட்ரோல்+எஃப்8 அழுத்தி, மூவி கிளிப் வகையில் (வகைகளின் வேறுபாடு கீழே வரும்) ஒரு புதிய சிம்பல் உருவாக்குங்கள். அதற்குள், ஓவல் கருவியை எடுத்து ஷிஃப்டைப் பிடித்தபடி 100 பிக்சல் விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்தை ஒருமுறை சொடுக்கினால் உள்நிறம் மட்டும்தான் தேர்வாகும், வெளிக்கோடு தனி. இருமுறை சொடுக்கி இரண்டையும் தேர்ந்தெடுத்த பிறகு எஃப்8 அழுத்தி கிராஃபிக் சிம்பலாக மாற்றுங்கள். ஒருமுறை சொடுக்கிவிட்டு மாற்றினால், பந்து பறக்கும்போது அதன் கோடு மட்டும் வேறு எங்கோ நிற்கும்.

ஏன் சிம்பல்? இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையிலுள்ள படங்களை மென்பொருளே நிரப்புவதுதான் ட்வீன். கிளாசிக் ட்வீன் சிம்பலை வைத்துத்தான் வேலை செய்யும். ஷேப் ட்வீன் அப்படியே எதிர். சிம்பலாக்காத வெறும் வடிவத்தில்தான் வேலை செய்யும். வட்டம் சதுரமாக உருமாற வேண்டுமானால் ஷேப், பந்து பந்தாகவே நகர வேண்டுமானால் கிளாசிக். எந்த ட்வீன் ஆனாலும் ஒரு லேயருக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைம்லைனில் அம்புக்குறிக்குப் பதில் விட்டு விட்டு வரும் கோடு தெரிந்தால் ட்வீன் உடைந்திருக்கிறது என்று பொருள். கடைசி கீஃபிரேம் இல்லை, அல்லது லேயரில் இரண்டாவது பொருள் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

இப்போது அசைவு. 1-ஆம் ஃபிரேமில் பந்தை மேலே வையுங்கள். அந்த கீஃபிரேமை ஆல்ட் பிடித்து இழுத்து 25-இல் நகலெடுங்கள். 13-இல் எஃப்6 அழுத்தி, பண்புப் பலகையில் பந்தின் ஒய் மதிப்போடு 480 கூட்டுங்கள். இந்த மென்பொருளில் ஒய் கீழ்நோக்கித்தான் வளரும். 1-க்கும் 13-க்கும் இடையில் வலது சொடுக்கி கிளாசிக் ட்வீன் போடுங்கள், 13-க்கும் 25-க்கும் இடையிலும் அப்படியே.

ஓட்டிப் பார்த்தால் பந்து லிஃப்ட் மாதிரி சீராக இறங்கி ஏறும். விழும் பொருள் அப்படிப் போகாது. சம கால இடைவெளிகளில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். இறங்கும் ட்வீனுக்கு ஈஸ் மதிப்பு –100, ஏறும் ட்வீனுக்கு +100 கொடுங்கள். எதிர்மறை எண் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும், நேர்மறை எண் வேகமாகத் தொடங்கித் தணியும். சரியாக வந்ததா என்று அளந்தே பார்க்கலாம்: தொடக்க இடத்திலிருந்து 4-ஆம் ஃபிரேமில் சுமார் 30, 7-இல் 120, 10-இல் 270, 13-இல் 480 பிக்சல் கீழே இருக்க வேண்டும். ஆனியன் ஸ்கின்னை (அக்கம்பக்கத்து ஃபிரேம்களையும் மங்கலாகச் சேர்த்துக் காட்டும் வசதி) இயக்கினால் மேலே பந்துகள் நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் தெரியும். மாறித் தெரிந்தால் ஈஸின் குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

எத்தனை ஃபிரேம் என்பது வெறும் வேகக் கணக்கு அல்ல. பந்தின் உயரத்தைப் பார்ப்பவர் மனதில் பதிய வைப்பதே அதுதான். அரை நொடியில் ஒரு பொருள் சுமார் 1.2 மீட்டர் விழும். அதாவது 12 ஃபிரேமில் விழும் பந்து மேசையைவிடக் கொஞ்சம் உயரத்திலிருந்து விழுவதாகத் தோன்றும். 5 மீட்டர் விழ ஏறத்தாழ 1 நொடி, 20 மீட்டர் விழ 2 நொடி. மாடியிலிருந்து விழும் கல்லை 12 ஃபிரேமில் முடித்தால், எவ்வளவு அழகாக வரைந்தாலும் பொம்மை மாடியாகத்தான் தெரியும்.

அடுத்தது நசுங்கல். இங்கே எல்லோரும் ஒரு தவறு செய்வார்கள்: நேராக 13-ஆம் ஃபிரேமில் போய்ப் பந்தைத் தட்டையாக்குவது. அப்படிச் செய்தால் பந்து மேலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிக்கொண்டு வரும், ஏனென்றால் ட்வீன் 1-இலிருந்தே உருவத்தையும் மாற்றத் தொடங்குகிறது. முதலில் 12-இலும் 14-இலும் எஃப்6 அழுத்துங்கள். அந்த இரண்டிலும் கன்ட்ரோல்+டி பலகையில் அகலம் 90, உயரம் 111 சதவீதம் கொடுங்கள். விழ விழ நீளும் பந்து வேகத்தைக் காட்டும். 13-இல் மட்டும் அகலம் 125, உயரம் 80. இந்த எண்களுக்குக் காரணம் உண்டு: இரண்டையும் பெருக்கினால் பரப்பு மாறாமல் 100 சதவீதமாகவே நிற்க வேண்டும். உயரத்தை மட்டும் குறைத்தால் பந்து நசுங்காது, காற்று இறங்கியதுபோல் சிறுக்கும்.

உருவம் நடுப்புள்ளியை வைத்துச் சுருங்குவதால், 100 பிக்சல் பந்து 80 ஆகும்போது அதன் அடிப்பாகம் 10 பிக்சல் மேலே ஏறிவிடும். 13-இல் பந்தை 10 பிக்சல் கீழே இறக்குங்கள். இதை விட்டால் பந்து தரையைத் தொடாமலே திரும்பும். என்ன குறை என்று சொல்லத் தெரியாமல் கண் உறுத்தும்.

கடைசியாக, 25-உம் 1-உம் ஒரே படம். சுழற்சியில் அது அடுத்தடுத்து இரண்டு முறை வந்து உச்சியில் ஒரு சின்னத் தடங்கல் தட்டுப்படும். 24-இல் எஃப்6 அழுத்திவிட்டு 25-ஐ ஷிஃப்ட்+எஃப்5 கொண்டு நீக்குங்கள். எல்லா அளவுகளையும் சரிபார்த்த பின்பே இதைச் செய்வது நல்லது.

கிராஃபிக்கும் மூவி கிளிப்பும்

முதன்மை டைம்லைனுக்குத் திரும்பி, 2-ஆம் ஃபிரேமில் எஃப்7 அழுத்தி, லைப்ரரியிலிருந்து (சிம்பல்கள் சேமிக்கப்படும் பலகை) துள்ளும் பந்தை இழுத்து வையுங்கள். முதன்மை டைம்லைன் அங்கேயே நின்றாலும் பந்து துள்ளிக்கொண்டே இருக்கும். மூவி கிளிப்புக்குச் சொந்த டைம்லைன் உண்டு. அதே பந்தை கிராஃபிக் சிம்பலாக வைத்திருந்தால் அசையாது, ஏனென்றால் கிராஃபிக் தன்னைத் தாங்கும் டைம்லைனோடு சேர்ந்துதான் ஓடும். இதற்குப் பதிலாக கிராஃபிக்கில் ஒரு வசதி உண்டு: டைம்லைனை விரலால் நகர்த்தும்போதே அதன் அசைவைப் பார்க்கலாம். மூவி கிளிப்பின் அசைவைப் பார்க்க கன்ட்ரோல்+என்டர் அழுத்திச் சோதிக்க வேண்டும். ஆகவே வாயசைவு, கண் சிமிட்டல் போன்றவற்றுக்கு கிராஃபிக். தானாகச் சுழல வேண்டியவற்றுக்கும் கட்டளைக்குக் கட்டுப்பட வேண்டியவற்றுக்கும் மூவி கிளிப்.

பட்டன்

மீண்டும் கன்ட்ரோல்+எஃப்8, இம்முறை பட்டன் வகை. உள்ளே நான்கே ஃபிரேம்கள்: அப், ஓவர், டவுன், ஹிட். முதல் மூன்றும் சும்மா இருக்கும்போது, மேலே சுட்டி வரும்போது, அழுத்தும்போது தெரிய வேண்டிய படங்கள். ஹிட் திரையில் தெரியாது; எங்கே சொடுக்கலாம் என்ற எல்லையை மட்டும் அது சொல்லும். எழுத்து மட்டும் உள்ள பட்டனில் ஹிட்டைக் காலியாக விட்டால், எழுத்தின் கோடுகள் மட்டுமே சொடுக்கை ஏற்கும். இடைவெளியில் விழும் சொடுக்கு வீணாகும். ஹிட்டில் முழு நிறம் நிரப்பிய ஒரு செவ்வகம் போட்டுவிடுங்கள். தொடுதிரையில் ஓவர் நிலையே கிடையாது என்பதால், கட்டாயம் படிக்க வேண்டிய எதையும் அங்கே ஒளித்து வைக்காதீர்கள்.

பட்டனை முதன்மை டைம்லைனின் 1-ஆம் ஃபிரேமில் வைத்து, பண்புப் பலகையில் அதற்கு இன்ஸ்டன்ஸ் பெயர் (திரையில் வைத்த இந்தப் பிரதிக்கான பெயர்) கொடுங்கள்: ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். லைப்ரரியில் உள்ள பெயர் வேறு, இது வேறு. கட்டளை தேடுவது இன்ஸ்டன்ஸ் பெயரைத்தான், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட. பட்டனை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இப்போது எல்லாவற்றுக்கும் மேலே கட்டளைகளுக்கென்று ஒரு காலி லேயர் போட்டுப் பூட்டுங்கள். பூட்டிய லேயரிலும் கட்டளை எழுதலாம். தவறி எதுவும் வரைந்துவிட முடியாது. அதில் இரண்டு கீஃபிரேம்கள் வேண்டும். கோட் ஸ்னிப்பெட்ஸ் பலகையில் (தயார் நிலையிலுள்ள கட்டளைத் துணுக்குகள் இருக்கும் இடம்) டைம்லைன் வழிசெலுத்தல் பகுதியிலிருந்து, இந்த ஃபிரேமில் நில் என்ற துணுக்கை 1-இலும் 2-இலும் சேருங்கள். நில் என்று சொல்லாத டைம்லைன் ஓடித் திரும்பி வந்துகொண்டே இருக்கும். திரை மின்னுவதுபோல் தெரிந்தால் இந்தக் கட்டளை விடுபட்டிருக்கிறது. பிறகு பட்டனைத் தேர்ந்தெடுத்து, சொடுக்கினால் குறிப்பிட்ட ஃபிரேமுக்குப் போய் நிற்கும் துணுக்கைச் சேருங்கள்.

அதில் எண்ணை மாற்றும்போது கவனம். கேன்வாஸ் கோப்பில் கட்டளை ஃபிரேம்களை 0-இலிருந்து எண்ணுகிறது, டைம்லைன் 1-இலிருந்து எண்ணுகிறது. டைம்லைனில் 2-க்குப் போக, கட்டளையில் 1 என்று எழுத வேண்டும். ஃபிரேமுக்கு லேபிள் வைத்து அந்தப் பெயரை எழுதுவதே மேல். பின்னால் ஃபிரேம்களைக் கூட்டினாலும் குறைத்தாலும் கட்டளை தவறாகாது. இன்னொன்று: 1-க்குத் திரும்பி வரும்போதெல்லாம் சொடுக்கைக் கவனிக்கும் கட்டளை இன்னொரு முறை பதிவாகும். மூன்றாம் முறை சொடுக்கும்போது ஒலி மூன்றாகக் கேட்டால் காரணம் அதுவே. அந்தக் கட்டளையைத் திரும்பி வராத ஒரு தொடக்க ஃபிரேமில் வைத்தால் சரியாகும். அப்போது பட்டனையும் அந்த ஃபிரேமிலிருந்தே தொடர்ந்து இருக்கும்படி நீட்டித்து வைக்க வேண்டும்.

ஒலியும் வெளியீடும்

ஒலி பக்கம் திறந்தவுடன் தானாக ஒலிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பயனர் எங்காவது சொடுக்கும் வரை உலாவிகள் பொதுவாக ஒலியைத் தடுத்து வைக்கும். தொடக்கப் பட்டன் வைத்ததன் பெரிய பயன்களில் ஒன்று இது. ஒலியை 2-ஆம் ஃபிரேமிலிருந்து தொடங்குங்கள். வீடியோவாக வெளியிடும் வேலையில் குரலுக்கு ஸ்ட்ரீம் ஒத்திசைவைத் தேர்ந்தெடுங்கள். ஈவென்ட் என்று விட்டால் ஒலி டைம்லைனைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் ஓடும்.

வெளியிட்டதும் ஒரு எச்டிஎம்எல் கோப்பு, ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, படம், ஒலிக்கான கோப்புறைகள் கிடைக்கும். எச்டிஎம்எல்லை மட்டும் சர்வரில் ஏற்றினால் வெற்றுத் திரைதான். எல்லாவற்றையும் அதே அமைப்பில் ஏற்றுங்கள். கோப்புப் பெயர்கள் முழுவதும் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். உங்கள் கணினி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டாலும் பல சர்வர்கள் அவற்றை வேறு வேறு கோப்பாகவே பார்க்கும். கணினியில் ஓடியது இணையத்தில் ஓடாமல் போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

வீடியோவாக வேண்டுமென்றால், நீளமான காட்சிகளை பிஎன்ஜி வரிசையாக எடுத்துப் பிறகு இணைப்பது பாதுகாப்பானது. 10 நொடிக்கு 240 படங்கள். 180-ஆவதில் கணினி நின்றுவிட்டால் 181-இலிருந்து தொடரலாம்.